கப்பலேறுமுன் காரோணத்தில் ஒரு மாலை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் ஆலயத்தின் ராஜகோபுரத்தைக் கடந்து உள்ளே செல்வோர், முதலில் கம்பத்திளையனார் சந்நிதியில் நின்று வணங்கிய பின்னரே அடுத்த பிராகாரத்துக்குச் செல்வது வழக்கம். பிரபுடதேவ மன்னனும் அவையோரும் காணும்படி அருணகிரிநாதரின் வேண்டுதலுக்கு இரங்கி, முருகப்பெருமான் கம்பத்தில் தோன்றிய இடம் அது. சற்றுத் தள்ளி, வல்லாள கோபுரத்தின் அருகே கோபுரத்திளையனார் சந்நிதி உள்ளது. வாழ்வை வெறுத்துக் கோபுரத்திலிருந்து விழுந்த அருணகிரியாரை முருகன் தன் கரங்களால் தாங்கியதாக ஐதிகம் கூறும் இடம் அது.

15-ஆம் நூற்றாண்டில் அருணையில் அவ்வாறு தடுத்தாட்கொள்ளப்பட்ட அருளாளர் அருணையோடு நின்றுவிடவில்லை. தலந்தோறும் நடந்தார், தலந்தோறும் பாடினார். அவருடைய திருப்புகழ்த் தலவரிசையைக் கூர்ந்து நோக்கினால் சோழநாட்டுக் கடற்கரையில் நாகப்பட்டினம் இருக்கிறது. அதன் அருகே சிக்கலும் எட்டுக்குடியும் இருக்கின்றன. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணமும் திருக்கோணமலையும் கதிர்காமமும் இருக்கின்றன. அருணையில் தொடங்கிய ஒரு வழி, கடற்கரையில் முடியாமல் அலைகளின் மேலும் தொடர்ந்தது என்பதற்கு அப்பாடல்களே சான்று.

அந்த வழியில் அன்பர்கள் இன்று மீண்டும் செல்ல இயலும். நாகப்பட்டினத்துக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டின் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. ‘செரியாபாணி’ என்னும் அக்கப்பல் சில நாள்களே ஓடியது, மழைக்காலம் குறுக்கிட்டது. பின்னர் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ‘சிவகங்கை’ என்னும் கப்பலோடு சேவை மறுபடியும் தொடங்கியது. இடைப்பட்ட கடல் சுமார் 60 கடல் மைல். பயணம் ஏறத்தாழ நான்கு மணி நேரம். நல்லூர்க் கந்தனையும் கீரிமலை நகுலேசுவரரையும் காண விழையும் குடும்பங்களுக்கு இது பெரும்பேறு.

ஆயினும் ஒன்றைக் கருத வேண்டும். திருவண்ணாமலையிலிருந்து விழுப்புரம், கடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகையை அடைய ஐந்தாறு மணி நேரமாகும். கப்பலோ காலையில் புறப்படுவது. பயணிகள் அதற்கும் முன்னதாகவே துறைமுகத்தில் இருக்க வேண்டும். ஆகவே முதல்நாளே நாகைக்கு வந்து தங்குவதே முறை. பலர் அந்த முதல்நாள் மாலையை விடுதி அறையில், பெட்டிகளை மறுபடி மறுபடி அடுக்குவதிலேயே கழித்துவிடுகின்றனர். அக்கரையில் உள்ள கோயில்களைத் தேடிச் செல்வோர், இக்கரையில் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பெருங்கோயிலைக் காணாமலே கப்பலேறுவது எத்துணை இழப்பு என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கடலைப் பார்த்து வளர்ந்த ஊர்

நாகை வெறும் கரையோர ஊர் அன்று. சோழப் பேரரசின் கடல்வாயில். ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர், தம் தந்தை சூளாமணிவர்மர் பெயரால் இங்கே ஒரு புத்த விகாரம் எழுப்பினார். சைவப் பெருவேந்தனான முதலாம் ராஜராஜ சோழன் அந்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயைக் கொடையாக அளித்தான். அவன் மகன் ராஜேந்திரன் அக்கொடை நிலைபெறச் செப்பேடு பொறித்தளித்தான். ஆனைமங்கலச் செப்பேடுகள் என்றும், ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு வைக்கப்பட்ட நகரின் பெயரால் லெய்டன் செப்பேடுகள் என்றும் அவை அழைக்கப்படுகின்றன.

கொடை ஒருவழிப்பட்டதாக இருக்கவில்லை. ராஜேந்திரன் காலத்தில் கடாரத்து அரசரின் முகவர்கள் நாகைக் காரோணத்துச் சிவபெருமானுக்கு அணிகளும் விளக்குகளும் சீனப்பொன்னும் அளித்த செய்தியை அக்கோயில் கல்வெட்டுகள் கூறுகின்றன. புத்த விகாரத்துக்குச் சைவ மன்னன் ஊர் கொடுத்தான். சிவன் கோயிலுக்குக் கடல் கடந்த நாட்டு அரசர் பொன் கொடுத்தார். பின்னர் 1025-இல் அதே கடல்வழியில் ராஜேந்திரனின் படை கடாரத்தின் மேல் சென்றது. அலைகளுக்கு நட்பும் தெரியும், போரும் தெரியும்.

போர்த்துகீசியரும், 1658-இல் டச்சுக்காரரும், 1781-இல் ஆங்கிலேயரும் இத்துறைமுகத்தை அடுத்தடுத்துக் கைக்கொண்டனர். விகாரத்தின் எச்சமாக நெடுங்காலம் நின்ற செங்கற்கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. நாகை மண்ணிலிருந்து வெளிப்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகளைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் காணலாம். விகாரம் மறைந்தது, கோட்டைகளும் மறைந்தன. காரோணத்துக் கோயில் மட்டும் அன்றுபோல் இன்றும் விளக்கேற்றிக் காத்திருக்கிறது.

அலையாய் ஆடும் பெருமான்

திருநாகைக்காரோணம் என்று தேவாரம் அழைக்கும் இத்தலத்தில் இறைவன் காயாரோகணேசுவரர். அம்பிகை நீலாயதாட்சி, தமிழில் கருந்தடங்கண்ணி. புண்டரீக முனிவரை உடலோடு தம்முள் ஏற்றுக்கொண்டமையால் காயாரோகணம் என்னும் பெயர் அமைந்தது என்று தலபுராணம் கூறுகிறது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் பாடிய தலம் இது. காசி விசாலாட்சி, காஞ்சி காமாட்சி, மதுரை மீனாட்சியோடு சேர்த்து நாகை நீலாயதாட்சியையும் எண்ணித் தொழுவது மரபு. ஆடிப்பூரம் இங்கே அம்பிகைக்குரிய பெருவிழா. முத்துசுவாமி தீட்சிதர் நீலாம்பரி ராகத்தில் இந்த அன்னையைப் பாடியுள்ளார். அம்பிகை சந்நிதியின் முன்னுள்ள நந்தி, ஒரு கண்ணால் அன்னையையும் மறு கண்ணால் அப்பனையும் நோக்குவதாகச் சொல்லிப் பெரியோர் குழந்தைகளுக்குக் காட்டுவர்.

கப்பலேறக் காத்திருப்போர் இங்கே தவறாமல் தொழ வேண்டியவர் தியாகராஜர். திருவாரூரைத் தலைமையாகக் கொண்ட ஏழு விடங்கத் தலங்களில் நாகைக்காரோணம் ஒன்று. ஒவ்வொரு விடங்கருக்கும் ஒரு நடனம் உண்டு. நாகையில் அருள்பாலிக்கும் சுந்தர விடங்கரின் நடனம் பாராவாரதரங்க நடனம். பாராவாரம் என்பது கடல். தரங்கம் என்பது அலை. கடல் அலை எழுந்தும் தாழ்ந்தும் அசைவதுபோல் ஆடுவது அந்நடனம். மறுநாள் காலை கப்பலின் தளம் மெல்ல ஏறியிறங்கும்போது, முதன்முறை கடற்பயணம் செய்யும் முதியோர்க்கு நெஞ்சு சற்றே நடுங்கும். முதல்நாள் மாலையில் சுந்தர விடங்கரைத் தொழுதவர்க்கு அந்த அசைவு புதிதாகத் தோன்றாது. ஆடுபவர் யார் என்பதை அவர்கள் அறிவர்.

கேட்டவரும் கொடுத்தவரும்

இந்த ஒரே தலத்தில் இரண்டு அடியார்களின் வரலாறு எதிரெதிராக நிற்கிறது.

ஒருவர் சுந்தரமூர்த்தி நாயனார். தோழமையை உரிமையாகக் கொண்ட அவர் நாகைக்காரோணத்துப் பெருமானிடம் கூச்சமின்றிக் கேட்டார். முத்தும் மணியும் கலந்த அணிகள், ஆடை, கஸ்தூரி, சந்தனம், ஏறிச்செல்லக் குதிரை என்று அவருடைய வேண்டுதல் நீண்டது. இறைவன் மறுக்கவில்லை, கேட்டவற்றைக் கொடுத்தருளினார் என்கிறது பெரியபுராணம்.

மற்றொருவர் அதிபத்த நாயனார். நாகைக் கடற்கரையின் நுளைப்பாடியில் பிறந்த பரதவர் தலைவர். வலையில் அகப்படும் மீன்களுள் ஒன்றைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவிடுவது அவர் கொண்ட நியமம். வலை நிறைந்த காலத்தில் அது எளிது. ஒரு காலம் வந்தது. நாள்தோறும் ஒரே ஒரு மீன்தான் கிடைத்தது. அந்த ஒன்றையும் இறைவனுக்கே விட்டார். செல்வம் சுருங்கியது, சுற்றம் பசியால் வாடியது, அவர் உடலும் தளர்ந்தது. நியமம் தளரவில்லை. பின்னொரு நாள் வலையில் வந்தது மீன் அன்று. பொன்னும் மணியும் இழைத்த அற்புதப் பொன்மீன். அன்றும் அது ஒன்றுதான். கரையில் நின்றோர் வியந்தனர். அதிபத்தர் அதையும் அலையில் விட்டார். விடைமேல் பெருமான் தோன்றினார்.

பசித்த வயிற்றோடு ஒரு மீனை விடுவதும் பொன்மீனை விடுவதும் வெவ்வேறு சோதனைகள். முன்னதில் உயிராசையை வெல்ல வேண்டும். பின்னதில், ‘இது ஒன்றால் எல்லாத் துன்பமும் தீருமே’ என்னும் நியாயமான எண்ணத்தையே வெல்ல வேண்டும். இரண்டையும் வென்ற பரதவர், அறுபத்துமூவருள் ஒருவராய்க் காரோணத்துக் கோயிலில் வணங்கப்படுகிறார். ஆண்டுதோறும் ஆவணி ஆயில்யத்தில் அவருக்குக் குருபூசை. கடலில் பொன்மீன் விடும் விழாவும் நிகழ்கிறது.

பயணத்தின் முன்னிரவில் சந்நிதியில் நிற்கும் குடும்பத்தினர் பெரும்பாலும் சுந்தரர் வழியில் நிற்பர். கடல் அமைதியாக இருக்க வேண்டும், பிள்ளைகளுக்கு மயக்கம் வராதிருக்க வேண்டும், போய்வரும் வரை வீட்டுக்குக் குறை நேராதிருக்க வேண்டும் என்று கேட்பர். அது தவறன்று, கேட்பவர்க்குக் கொடுத்த பெருமான்தான் அவர். ஆனால் அதிபத்தர் சந்நிதியில் ஒரு கணம் நின்று, இந்தப் பயணத்தில் தாம் விடக்கூடியது யாது என்றும் ஒருவர் எண்ணலாம். அக்கரையில் துணி வாங்கவென்று ஒதுக்கிய பணத்தில் ஒரு பகுதியை அன்னதானத்துக்கு அளிப்பதாக இருக்கலாம். பல்லாண்டாகப் பேசாதிருக்கும் உறவினரோடு புறப்படுமுன் தொலைபேசியில் பேசிவிடுவதாக இருக்கலாம். முன்னாளில் கடற்பயணம் மேற்கொண்டோர் கடன்களைத் தீர்த்து, பகையை ஆற்றிக்கொண்ட பின்னரே புறப்பட்டனர். திரும்பி வருவது உறுதியில்லாத காலத்தின் வழக்கம் அது. திரும்பி வருவோம் என்ற உறுதி மிகுந்துவிட்ட நம் காலத்திலும் அவ்வழக்கத்தின் நன்மை குறைந்துவிடவில்லை.

இக்கரையின் கண்ணீர்

இத்துறைமுகத்தில் அனைவரும் யாத்திரைக்காகக் கப்பலேறியவர்கள் அல்லர். 19-ஆம் நூற்றாண்டிலும் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் மலாயாவின் தோட்டங்களுக்குத் தமிழ்க்கூலிகளை அனுப்பிய முதன்மைத் துறை நாகப்பட்டினமே. வடார்க்காடு, தென்னார்க்காடு, திருச்சி, தஞ்சைச் சீமைகளிலிருந்து வந்த ஏழைகள் இங்கே முகாம்களில் காத்திருந்து கப்பலேறினர். அவர்களுள் பலர் கண்ட கடைசித் தாய்மண் இந்தக் கரைதான். சென்ற இடத்தில் மாரியம்மனுக்கும் முருகனுக்கும் கோயில் எழுப்பித் தாங்கள் விட்டுவந்த ஊர்களின் நினைவை அங்கே நட்டனர். 1938-இல் இத்தகைய கூலிப்பெயர்வுக்கு இந்திய அரசு தடை விதித்தது.

அதன் பின்னரும் ‘ரஜூலா’ என்னும் கப்பல் நாகை வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்று வந்தது. அதற்கு அடுத்து வந்தது ‘சிதம்பரம்’ கப்பல். 1985-இல் அக்கப்பல் நடுக்கடலில் தீப்பற்றியதோடு அச்சேவை முடிவுற்றது. மறுபுறம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் ஓடிய கப்பல்வழி, 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடியோடு அழிந்தது. ராமேசுவரத்திலிருந்து சில காலம் தொடர்ந்த சேவையும் இலங்கையின் போர்ச்சூழலில் நின்றது. இவ்வாறு ஒரு தலைமுறைக்கும் மேலாக இரு கரைகளும் ஒன்றையொன்று பாராமல் இருந்தன. இக்கரையில் பெண் கொடுத்தவர்கள், அக்கரைக் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் எத்தனையோ பேர், வழி திறக்கும் முன்பே காலமாயினர்.

2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலையில் தமிழகத்திலேயே மிகுதியான உயிர்களை இழந்தது நாகை மாவட்டம். அந்நாளின் நினைவு இன்றும் இக்கரையோரத் தெருக்களில் உறைந்திருக்கிறது. மாலையில் கடற்கரைக்குச் செல்லும் யாத்திரிகர்கள், படம் எடுத்துக்கொள்வதோடு நில்லாமல், அலையில் மறைந்தோர்க்கென ஒரு கணம் கைகூப்பி நிற்பது பொருத்தமாகும்.

பொழுதைப் பகிர்ந்துகொள்ளும் வகை

நண்பகலுக்குள் நாகையை அடைவோர் மாலை நடை திறந்தவுடன் சவுந்தரராஜப் பெருமாள் கோயிலில் தொடங்கலாம். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திவ்வியதேசம் இது. நாகராஜனான ஆதிசேஷன் வழிபட்டமையால் ஊருக்கு நாகை என்னும் பெயர் வந்தது என்பது இத்தல வரலாறு. இங்குள்ள எட்டுத் திருக்கரங்கள் கொண்ட நரசிம்மரின் செப்புத் திருமேனியைக் கேட்டுத் தரிசிக்க வேண்டும். இரணியனை வதைக்கும் அதே கோலத்தில், ஒரு கரம் மட்டும் பிரகலாதனின் தலைமேல் பரிவோடு அமைந்திருக்கிறது. அங்கிருந்து காரோணத்துக் கோயில் அருகிலேயே உள்ளது. சாயரட்சை வழிபாட்டுக்கு அங்கே இருப்பது சிறப்பு.

நேரம் எஞ்சினால் மேற்கே திருவாரூர்ச் சாலையில் சில கிலோமீட்டர் தொலைவில் சிக்கல் உள்ளது. சூரசம்ஹாரத்துக்கு முதல்நாள் அன்னை வேல்நெடுங்கண்ணியிடம் சிங்காரவேலவர் வேல் வாங்கும்போது திருமேனியில் வியர்வை அரும்பும் என்பது அத்தலத்தின் பெருமை. அருணகிரியாரின் அடியொற்றிக் கடல் கடப்போர்க்குச் சிக்கல் தரிசனம் பயணத்தின் முறையான தொடக்கமாக அமையும். எல்லாத் தலங்களையும் ஒரே மாலையில் ஓடித் தரிசிக்க முயல வேண்டாம். முதியோர் உடனிருப்பின் காரோணம் ஒன்றே போதும்.

இரவில் எளிய உணவு, போதிய உறக்கம். காலையில் வயிறு நிரம்ப உண்ணாமலும், அறவே பட்டினியாக இல்லாமலும் இருப்பது கடல்மயக்கத்தைக் குறைக்கும். பாஸ்போர்ட்டும் இலங்கைக்கான பயண அனுமதியும் கையில் இருக்க வேண்டும். பிரசாதமாக விபூதியும் குங்குமமும் எடுத்துச் செல்லலாம். பழம், விதை, செடி ஆகியவற்றுக்கு எல்லைக் கட்டுப்பாடுகள் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். சேவை நிறுத்தப்படுவதும் உண்டு. ஆதலால் பயணநாளை உறுதிசெய்த பின்னரே புறப்பட வேண்டும்.

அக்கரையும் அருணையும்

காங்கேசன்துறையில் இறங்குவோர்க்கு அத்துறையின் பெயரே முருகனின் பெயர். மாவிட்டபுரத்துக் கோயிலுக்கான காங்கேயன் திருவுருவம் தமிழகத்திலிருந்து கடல்வழியே வந்து இறங்கியமையால் இப்பெயர் அமைந்தது என்பர். அருகே கீரிமலை, கடலையொட்டி நன்னீர் ஊறும் தீர்த்தம். அங்குள்ள நகுலேசுவரம், ஈழத்தின் பழம்பெரும் சிவாலயங்களுள் ஒன்று. போர்க்காலத்தில் 1990-இல் பெருஞ்சேதமுற்ற அக்கோயில், 2012-இல் குடமுழுக்குக் கண்டது. வழிபாடின்றிக் கிடந்த சந்நிதியில் மீண்டும் மணியொலி எழுவதைக் கேட்பதற்கென்றே ஒருமுறை செல்லலாம்.

அக்கரையிலிருந்தும் அடியார்கள் இங்கே வந்தனர். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமிகள் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைத் தரிசித்தார். இருவரும் சொல்லேதும் பேசாமலே அமர்ந்திருந்தனர் என்று அவர்தம் அடியார்கள் கூறுவர். ஆறுமுக நாவலர் 1864-இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். இரு கரையும் ஒரே சமயத்தின் இரு முற்றங்களாக இருந்த காலம் அது.

ஒவ்வொரு குடும்பத்திலும் கப்பலேற இயலாத ஒருவர் இருப்பார். முழங்கால் வலியுடைய பாட்டி, இருதய நோயுள்ள தாத்தா, விடுப்புக் கிடைக்காத மகன் ஆகியோர் துறைமுக வாயில் வரை வந்து வழியனுப்பித் திரும்புவர். அவர்கள் மனம் தளர வேண்டியதில்லை. திருஞானசம்பந்தர் ராமேசுவரத்தில் நின்றபடியே கோணமலையையும் மாதோட்டத்துக் கேதீச்சரத்தையும் பாடித் தொழுதார் என்கிறார் சேக்கிழார். கடலைக் கடக்காமலே அவர் அத்தலங்களைப் பாடல்பெற்ற தலங்களாக்கினார். நினைக்க முக்தி தரும் அண்ணாமலையின் அடியில் வாழ்வோர்க்கு இது புதிய செய்தியன்று.

கப்பல் கண்மறைந்த பின், வழியனுப்ப வந்த பெரியவர்கள் உடனே ஊர்திரும்ப விரைய வேண்டாம். காரோணத்தில் காலை வழிபாட்டு நேரம் இன்னும் எஞ்சியிருக்கும். கடலில் செல்லும் தம் மக்களுக்காகச் சுந்தர விடங்கரின் சந்நிதியில் ஒரு நெய்விளக்கு ஏற்றிவைத்துவிட்டு அருணைக்குத் திரும்பலாம்.